638001: ஒரு பின்கோடைப் பிரித்து மேய்வது எப்படி?

ஈரோட்டில் துணி வியாபாரத்தோடு கொஞ்சமாவது ஒட்டுறவு உள்ள வீடுகளில் 638001 என்று எழுதாத நாள் குறைவு. பார்சல் பொதி, பில் புத்தகம், கூரியர் கவர் எல்லாவற்றிலும் அதுதான். கையெழுத்துப் போடுவதுபோல எழுதிப் பழகிவிட்டதால் அதை ஒரு எண்ணாக யாரும் பார்ப்பதில்லை. போன கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், ஏழாவது படிக்கிறவன், பொதிமேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாமா, இது எந்த வாய்ப்பாட்டுல வருமுங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்.

பெரிய எண்ணைப் பார்த்தால் மிரளுகிறவர்களுக்காக, அன்று செய்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒரு தாளும் பென்சிலும் போதும். போனில் உள்ள கால்குலேட்டரை வர்க்கமூலம் பார்க்கவும் விடை சரிபார்க்கவும் மட்டும் எடுங்கள். தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று அது போய்க்கொண்டே இருக்கும். 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். அந்தப் பிரிப்பு கைக்கு வந்துவிட்டால் அந்த எண்ணைப் பற்றிய முக்கால்வாசிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

கடைசி இலக்கத்தைப் பாருங்கள்

கடைசியில் 1. ஆகவே ஒற்றைப்படை, 2-ஆல் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கம் 01 என்பதால் 4-ஆல் வகுத்தால் மீதி 1. இந்த மீதி 1-ஐ ஓரத்தில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வர்க்கமூலம்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. கால்குலேட்டரில் 638001 போட்டு வர்க்கமூலம் அழுத்தினால் 798.74 சொச்சம் வருகிறது. முழு எண் வராததால் இது வர்க்க எண் இல்லை. அது ஒரு செய்தி. இன்னொன்று, தேடலுக்கு எல்லை கிடைத்துவிட்டது. ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால் அதில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. இரண்டுமே தாண்டினால் பெருக்கல் தொகை எண்ணைவிடப் பெரிதாகிவிடும் அல்லவா? ஆக 798 வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் 139 இருக்கின்றன. மலைக்க வேண்டாம், அத்தனையும் தேவைப்படப் போவதில்லை.

இலக்கங்களைக் கூட்டுங்கள்

6+3+8+0+0+1 = 18. 18-இல் 9 போகிறது, ஆகவே 638001-இலும் 9 போகும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காரணமும் சின்னதுதான்: 10 என்பது 9-ஐவிட ஒன்று கூட, 100 என்பது 99-ஐவிட ஒன்று கூட, 1000 என்பது 999-ஐவிட ஒன்று கூட. அந்த 9, 99, 999 எல்லாவற்றையும் கழித்துப் போட்டால் மிஞ்சுவது இலக்கங்கள் மட்டும்தான்.

638001 ÷ 9 = 70889. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 32. 3 இனிப் போகாது. இனிமேல் 638001-ஐ ஒதுக்கிவிட்டு 70889-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கிடைத்த காரணியை உடனே வெளியே எடுத்து எண்ணைச் சுருக்காமல், பெரிய எண்ணையே கட்டிக்கொண்டு மாரடிப்பதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்தேன்.

7, 11, 13: மூன்றுக்கும் ஒரே சோதனை

எனக்கு மிகப் பிடித்த படி இது. 7 × 11 × 13 = 1001. ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாக வெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். வரும் விடையில் 7 போனால் முழு எண்ணிலும் 7 போகும்; 11-க்கும் 13-க்கும் அதே கதைதான்.

638 | 001. வித்தியாசம் 637.

637 = 7 × 91 = 7 × 7 × 13. ஆகவே 638001-இல் 7-ம் போகும், 13-ம் போகும், 11 போகாது. ஏன் என்று பார்த்தால், 638001 என்பது 638 × 1001-இலிருந்து 637-ஐக் கழித்தது. முதல் பகுதியில் மூன்று பகா எண்களும் தானாகவே போய்விடுகின்றன, மீதிப் பகுதியை மட்டும் சோதித்தால் முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 637-இல் 7 இரண்டு தடவை இருக்கிறது. அதனால் 638001-இலும் இரண்டு தடவை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1001-இல் 7 ஒரு தடவைதான் இருக்கிறது. அதனால் ஒரு தடவைக்குத்தான் உத்தரவாதம். வகுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்:

70889 ÷ 7 = 10127. மறுபடி 7-ஆல் வகுத்தால் மீதி 5. போகாது.
10127 ÷ 13 = 779.

அன்று திண்ணையில் 10127-ஐ 10137 என்று எழுதிவிட்டு, 13 ஏன் போகவில்லை என்று இரண்டு பேரும் பத்து நிமிஷம் முழித்தோம். ஒவ்வொரு ஈவையும் ஒருமுறை திருப்பிப் பெருக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மிஞ்சியது 779

இப்போது எல்லையும் சுருங்கிவிட்டது. 779-இன் வர்க்கமூலம் 27.9. ஆகவே 23 வரை பார்த்தால் போதும். மறுபடி 13 போகுமா? போகாது. 17? மீதி 14. 19? 19 × 41 = 779. 41 பகா எண். வேலை முடிந்தது.

638001 = 3 × 3 × 7 × 13 × 19 × 41

139 பகா எண்களில் 19-உடனேயே நின்றுவிட்டோம். திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள்: 9 × 7 = 63, 63 × 13 = 819, 819 × 19 = 15561, 15561 × 41 = 638001. நடுவில் வந்த 819-ஐயும் மேலே வந்த 779-ஐயும் மறக்க வேண்டாம்.

எத்தனை வாய்ப்பாட்டில் வரும்?

பையன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஒரு வகுத்தியை உண்டாக்க 3-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம்: மூன்று வழி. 7, 13, 19, 41 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டிரண்டு வழி. 3 × 2 × 2 × 2 × 2 = 48. ஒன்றையும் 638001-ஐயும் சேர்த்து 48 வகுத்திகள். 638001 பனியன்களை மிச்சமில்லாமல் நீள்சதுரமாக அடுக்கச் சொன்னால் 24 விதமாக அடுக்கலாம்.

48 என்பது அதிகமா குறைவா? ஒற்றைப்படை எண்ணுக்கு இது நல்ல வசதியான எண்ணிக்கைதான். ஆனால் 638001-க்குள் அதிக வகுத்தி வைத்திருப்பது 554400, அதற்கு 216. தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றி 1915-இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர் சீனிவாச ராமானுஜன். 1887 டிசம்பர் 22 அன்று இதே ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர்.

சரி, 48 வகுத்திகளையும் எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். 1, 3, 7, 9, 13, 19, 21... இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகப் பெருக்கிக்கொண்டே வந்தபோது 7 × 13 × 19 வந்தது. 7 × 13 = 91. 91 × 19 = 1729.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

638001 = 1729 × 369. நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எத்தனை வருஷமாக இதைப் பொதிமேல் எழுதியிருப்பேன்!

தெரியாதவர்களுக்காக: லண்டனில் புட்னி பகுதியில் உடல்நலமில்லாமல் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி போனார். தான் வந்த டாக்ஸியின் எண் 1729, அப்படியொன்றும் சுவையான எண் இல்லை என்றார். உடனே ராமானுஜன், இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இது என்றார். 1 + 1728 ஒரு விதம், அதாவது 1-இன் கனமும் 12-இன் கனமும். 729 + 1000 இன்னொரு விதம், 9-இன் கனமும் 10-இன் கனமும். 1657-லேயே பிரெனிகல் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கவனித்திருக்கிறார். ஆனாலும் பெயர் நிலைத்தது டாக்ஸி கதையால்தான்.

1729-க்கு இன்னொரு குணமும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதன் பகாக் காரணிகள் 7, 13, 19. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறையுங்கள்: 6, 12, 18. மூன்றும் 1728-ஐ மீதியில்லாமல் வகுக்கும். இதனால் எந்த எண்ணை 1729 தடவை தன்னோடு பெருக்கி அந்த எண்ணையே கழித்தாலும் விடை 1729-இன் மடங்காக வரும். உண்மையில் இது பகா எண்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம். பகா எண்ணாக இல்லாமலே அப்படி வேஷம் போடும் எண்கள் சில உண்டு. கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105, அதற்கடுத்து 1729.

இதை யாராவது திட்டமிட்டு வைத்திருப்பார்களா என்று பையன் கேட்டான். இல்லை கண்ணு. பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ராமானுஜன் இறந்து 52 வருஷம் கழித்து. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரம். முதல் மூன்று இலக்கம் தபால்களைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று அந்தந்த அஞ்சலகம். 638-ம் 001-ம் வரிசையில் வந்து உட்கார்ந்தவை, அவ்வளவுதான். 6-இல் தொடங்கும் ஆறு இலக்க எண்கள் ஒரு லட்சம். அதில் 1729-இன் மடங்குகள் 57 மட்டுமே. அந்த 57-இல் ஒன்று ஈரோட்டுக்கு விழுந்திருக்கிறது. அவர் வளர்ந்த கும்பகோணத்துக்கு 612001. அதையும் சோதிக்காமல் விடவில்லை: 612-இலிருந்து 1 போக 611, அது 13 × 47. 13 போகிறது, 7 போகவில்லை. பிறந்த ஊர் என்ற பெருமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

வர்க்க வித்தியாசம் என்னும் குறுக்குவழி

779-ஐயும் 819-ஐயும் ஞாபகம் வைக்கச் சொன்னேன். 779 × 819 = 638001. இரண்டுக்கும் சரியான நடு 799; இரண்டு பக்கமும் 20 தள்ளி இருக்கின்றன. ஆகவே 638001 என்பது 799-இன் வர்க்கத்திலிருந்து 20-இன் வர்க்கத்தைக் கழித்தது: 638401 − 400.

இதையே தலைகீழாகச் செய்யலாம். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுத்து வர்க்கமாக்கி, அதிலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள். வருவது ஒரு வர்க்க எண்ணாக இருந்தால் காரணிகள் அப்போதே கையில். இல்லாவிட்டால் அடுத்த எண். பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் காட்டிய வழி இது. 638001-க்கு முதல் அடியிலேயே 400 வந்துவிடுகிறது. இப்படியெல்லாம் எப்போதும் நடக்காது.

சேலம் 636001-ஐ எடுங்கள். (சேலம் கொங்குதானா என்று அங்கேயே சிலர் முகம் சுளிப்பார்கள். இன்றைக்குச் சேர்த்துக்கொள்வோம்.) 3 போகாது, 635-இல் 7, 11, 13 எதுவும் போகாது. வரிசையாகப் பகா எண்களால் வகுத்துக்கொண்டே போனால் 118-ஆவது பகா எண்ணில்தான் கதவு திறக்கும். பெர்மா வழியில் போங்கள். வர்க்கமூலம் 797.5 பக்கம். ஓரத்தில் குறித்த 'மீதி 1' இங்கே உதவும். சேலத்துக்கும் கடைசி இரண்டு இலக்கம் 01-தானே. எந்த வர்க்க எண்ணையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. வித்தியாசத்தின் மீதி 1 வர வேண்டும் என்றால் பெரிய வர்க்கம் ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும். எனவே 799, 801, 803 என்று ஒன்றுவிட்டு ஒன்று போதும்.

799: மிஞ்சுவது 2400. அடடா, 2401 என்றால் 49-இன் வர்க்கம்!
801: 5600. இல்லை.
803: 8808. இல்லை.

இப்படியே போனால் ஒன்பதாவது முயற்சியில் 815. மிஞ்சுவது 28224, அது 168-இன் வர்க்கம். 815 − 168 = 647, 815 + 168 = 983. இரண்டும் பகா எண்கள். சேலம் 647 × 983, வேறு காரணி கிடையாது.

எல்லா எண்ணுக்கும் இதுதான் வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயம்புத்தூர் 641001 இதற்கு நேர் எதிர். இலக்கங்களின் கூட்டல் 12, ஆகவே 3 போகும், 213667 மிஞ்சும். பொறுமையாக வகுத்துக்கொண்டே போனால் 43-இல் போகும். 641001 = 3 × 43 × 4969. காரணிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன. பெர்மா வழியில் போயிருந்தால் 875-ஆவது முயற்சியில்தான் ஏதாவது கண்ணில் படும். முதலில் 50 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் ஒரு இருபது தடவை பெர்மா. அதற்கும் மசியவில்லை என்றால் மறுபடி வகுத்தல். நான் போகும் வரிசை இதுதான்.

இன்னும் சில, வேகமாக

638001-இன் வகுத்திகளில் தன்னைத் தவிர மற்ற 47-ஐயும் கூட்டினால் 585039. எண்ணைவிடக் குறைவு, இப்படிப்பட்டதைக் குறைவெண் என்பார்கள். சரிக்குச் சரியாக வந்திருந்தால் நிறைவெண். ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை: (1+3+9) × (1+7) × (1+13) × (1+19) × (1+41) = 1223040; அதிலிருந்து எண்ணைக் கழித்தால் ஆயிற்று.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஏதாவது ஒற்றைப்படைத் தடவை வந்தால் முடியாது என்பது விதி. இங்கே 7-ம் 19-ம் ஒவ்வொரு தடவை வருகின்றன. மூன்று வர்க்கமாக எழுதலாம். 797, 46, 26 மூன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுத வேண்டுமா? 319000 + 319001. மூன்றாக வேண்டுமென்றால் 212666 + 212667 + 212668. மொத்தம் 47 வழிகள். ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொரு ஒற்றைப்படை வகுத்திக்கும் ஒரு வழி. நம் எண்ணில் எல்லா வகுத்தியும் ஒற்றைப்படை.

உங்கள் ஊர் எண்ணுக்கு

தலைமை அஞ்சலகங்களின் பின்கோடு பெரும்பாலும் 001 என்று முடிவதால் 7, 11, 13 சோதனை மிக எளிது: முதல் மூன்று இலக்கத்தில் ஒன்றைக் குறைத்தால் போதும். கரூர் 639001. ஒன்று குறைத்தால் 638. அது 2 × 11 × 29. ஆகவே கரூரில் 11 போகும். வகுத்தால் 58091, அதிலும் 11 போகிறது. கடைசியில் 11 × 11 × 5281. அந்த 5281 பகா எண்தானா என்று உறுதி செய்ய 71 வரை போக வேண்டும். அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

திருப்பூர் 641601. இது 001-இல் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 18 என்றதும் பையன் 9-ஆல் வகுக்க ஆரம்பித்துவிட்டான். 71289. அதிலும் 9 போனது. 7921. அங்கே நின்றுவிட்டது. 7, 11, 13, 17 எதுவும் போகவில்லை. ஒவ்வொரு பகா எண்ணாகத் தள்ளிக்கொண்டே போய், தாளின் ஒரு பக்கம் நிறைந்த பிறகுதான், "மாமா, வர்க்கமூலம் பாக்க மறந்துட்டமுங்க" என்றான். கால்குலேட்டரில் 641601 போட்டு அழுத்தினோம். 801. புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

திருப்பூர் பின்கோடு 801-இன் வர்க்கம். 801 என்பது 9 × 89; ஆகவே 641601-இல் 3 நான்கு தடவை, 89 இரண்டு தடவை. வகுத்திகள் 5 × 3 = 15. ஜோடி ஜோடியாக எழுதினால் 801-க்கு மட்டும் ஜோடி அதுவே என்பதால் ஒற்றைப்படை எண்ணிக்கை.

பையன் அப்போதே திருப்பூரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டான். "சித்தி, உங்க ஊரு நம்பர் சரியான சதுரமுங்க, தெரியுமுங்களா?"

"சதுரமா? எங்க தெருவே கோணலாத்தான் கண்ணு இருக்குது. சாப்பிட்டியா?"